யூஎஸ்டிஏ கவுண்ட்டி ஆபீஸ்: கடனுக்கு 4 ஸ்டார், மானியத்துக்கு 3, ஓசி ஆலோசனைக்கு 5

அமெரிக்காவுல கிராமப்பக்கம் நாலு ஏக்கர் வாங்கிப் போட்டுட்டு அடுத்து என்னன்னு முழிக்கிற நம்மாளுங்களுக்காக எழுதறேன். கவுண்ட்டிக்கு (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) ஒன்னு, இல்லன்னா பக்கத்து கவுண்ட்டிய சேத்து ஒன்னுன்னு யூஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க விவசாயத் துறையோட சர்வீஸ் சென்டர் இருக்கும். பெரும்பாலும் ஒரே கட்டடத்துலயே கடன் குடுக்கற எஃப்எஸ்ஏ, மண்ணு தண்ணிய பாத்துக்கற என்ஆர்சிஎஸ் ரெண்டும் இருக்கும். மொதல்ல எஃப்எஸ்ஏல நெலத்த பதிஞ்சு ஃபார்ம் நம்பர் போட்டுக்கங்க, அது இல்லாம எந்த மானியமும் நகராது.

கடன்ல சின்ன ஆளுக்கு ஏத்தது மைக்ரோலோன்தான், 50,000 டாலர் வரைக்கும். விதை, உரம், ஆடு கோழி, சின்னச்சின்ன மெஷின் எல்லாத்துக்கும் ஆகும். 2013ல ஆரம்பிச்சப்ப 35,000தான் இருந்துச்சு. அப்ளிகேஷனும் முன்னாடி 29 பக்கம், 2023ல 13 ஆக்கிட்டாங்க, அதுவே பெரிய புண்ணியம். ஆனா ஒரு கண்டிஷன், வெளிய நியாயமான வட்டிக்கு கடன் கிடைக்கும்னா இங்க தரமாட்டாங்க, அதனால ஐடில நல்ல சம்பளம் வாங்கிட்டு வீக்கெண்டு விவசாயம் பண்றவங்க ரொம்ப ஆசைய வளத்துக்காதீங்க. நெலம் வாங்கணும்னா டவுன் பேமெண்ட் லோன்னு ஒன்னு இருக்கு, புதுசா விவசாயத்துக்கு வர்றவங்க 5% கைக்காசு போட்டா போதும், 45% வரைக்கும் எஃப்எஸ்ஏ, மிச்சம் பேங்க். எஃப்எஸ்ஏ பங்க 20 வருஷத்துல கட்டலாம். எந்த பேங்க்ல இப்படி குடுப்பான்?

மானியம்னா ஈக்விப் (EQIP), என்ஆர்சிஎஸ் குடுக்கற திட்டம். ஹை டனல் (பிளாஸ்டிக் போத்தின பயிர்க் கூடாரம்), சொட்டு நீர், வேலி, மூடுபயிர்னு நெறைய இருக்கு, புது விவசாயிக்கு 90% வரைக்கும்னு சொல்லுவாங்க, கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அது நம்ம பில்லுல 90% இல்ல, அவங்க வேலைக்கு வேலை ஒரு ரேட் வச்சிருக்காங்க, அந்த கணக்குப்படிதான். வேலைய முடிச்சு, அவங்க வந்து அளந்து பாத்து ஓகே சொன்ன அப்புறம்தான் காசு வரும். புது விவசாயின்னா பாதிய அட்வான்ஸா கேக்கலாம், இத அவங்களா சொல்லுவாங்கன்னு இருக்காதீங்க, நீங்களே கேளுங்க. கான்ட்ராக்ட்ல கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி ஒரு குழி தோண்டினாலும் அந்த வேலைக்கு காசு கெடையாது. வர்ற பணத்துக்கு டாக்ஸ் ஃபார்மும் பின்னாடியே வரும்.

சிஆர்பி (CRP), அதாவது நெலத்துக்கு ஓய்வு குடுக்கற திட்டம், வேற கதை. 1985லேர்ந்து இருக்கு, மண்ணரிப்பு ஆகற நெலத்துல பயிர் வைக்காம புல்லோ மரமோ வளத்தா 10லேர்ந்து 15 வருஷம் வருஷா வருஷம் வாடகை. சும்மா போடறதுக்கு காசான்னு சிரிக்காதீங்க, நடுவுல முறிச்சா வாங்கினத வட்டியோட திருப்பணும். அதுவும் பொதுவா நெலம் நம்ம கைக்கு வந்து 12 மாசம் ஆகியிருக்கணும், ஏற்கனவே பயிர் வச்ச நெலமாவும் இருக்கணும், அதனால புதுசா வாங்கினவங்களுக்கு இப்போதைக்கு வேலைக்காகாது.

எனக்கு ரொம்பப் புடிச்சது பைசா செலவில்லாத விஷயம். என்ஆர்சிஎஸ் ஆளு நேர்லயே வந்து நெலத்துல நடந்து, தண்ணி எங்க ஓடுது, மண்ணு எங்க கரையுதுன்னு பாத்து பிளான் போட்டு தருவாரு. மானியம் வாங்கியே ஆகணும்னு இல்ல. 1930கள்ல தூசிப்புயல் அடிச்சு மண்ணே பறந்தப்ப, 1935ல மண்ண காப்பாத்தன்னே ஆரம்பிச்ச ஆபீஸ் இது, அந்த வேலையில இன்னும் கில்லாடிங்கதான். போறதுக்கு முன்னாடி ஃபோன்ல அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கங்க, அப்படியே உங்க ஸ்டேட்டுக்கு ஈக்விப் கட்ஆஃப் தேதி என்னன்னும் கேட்டுருங்க, அத தாண்டிட்டா அடுத்த ரவுண்டுதான்.