ஐஃபோன் 6எஸ்: என்னிடம் மூன்று வருடம், அம்மாவிடம் மிச்சம் எல்லாம்

2016இல் வாங்கிய ஐஃபோன் 6எஸ் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. மூன்று வருடம் நான் வைத்திருந்தேன். அப்புறம் அம்மாவுக்குப் போனது. செயலி எழுதுவதுதான் எனக்கு வேலை. அதனால் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதை வாங்கி, வெளியிடப் போகும் பதிப்பை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

கருவியில் பெரிய குறையில்லை. ஒரு தடவை பேட்டரி மாற்றினோம், அவ்வளவுதான். ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 9உடன் வந்த ஃபோன் 15 வரை ஏறியது. 2022இல் வந்த 16இல் இதற்கு இடமில்லை. அதற்குப் பிறகும் 15.8 வரிசையில் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. 2025 மே மாதம் வாட்ஸ்அப் 15.1க்குக் கீழே இருந்தவற்றைக் கைவிட்டபோதும் இது தப்பித்தது. அம்மாவை அலைக்கழித்ததெல்லாம் என்னைப் போன்றவர்கள் எழுதிய செயலிகள்தான்.

ஒருநாள் மளிகை வாங்கும் செயலியில் கூடையை நிரப்பிவிட்டுத் தன் ஃபோன் எண்ணைக் கொடுத்தார். ஆறு இலக்கக் குறியீடு குறுஞ்செய்தியில் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் செயலி முதல் திரையில் நிற்கிறது, கூடை காலி. மறுபடி அரிசி, பருப்பு, மறுபடி குறியீடு, மறுபடி காலி. மூன்றாவது தடவை என்னைக் கூப்பிட்டு, “நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா தம்பி?” என்று கேட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த ஃபோனில் நினைவகம் 2 ஜிபிதான். இன்னொரு செயலிக்குப் போனதும் இடம் போதாமல், பின்னால் இருப்பதை ஐஓஎஸ் மூடிவிடுகிறது. மேக் கணினியில் ஃபோனைப் போலவே நடித்துக் காட்டும் சிமுலேட்டரில் இது தெரியவே தெரியாது. அங்கே நினைவகம் தாராளம். செயலி பின்னால் போகும் நொடியில் கூடையைச் சேமித்து வைத்திருந்தால் போதும். குறியீட்டுப் பெட்டியை ஒருமுறைக் கடவுச்சொல்லுக்கானது என்று ஒரே வரியில் குறித்திருந்தால் இன்னும் நல்லது. ஐஓஎஸ் 12இலிருந்தே குறுஞ்செய்தியில் வந்த குறியீடு விசைப்பலகைக்கு மேலே தானாக வந்து நிற்கும், வெளியே போகவே வேண்டாம்.

எங்கள் செயலியும் அதே ஃபோனில் மாட்டியது. திரை 4.7 அங்குலம், அம்மா எழுத்தை வேறு பெரிதாக்கி வைத்திருப்பார். ‘உறுதிப்படுத்தவும்’ என்ற பொத்தான் ‘உறுதிப்…’ என்று நின்றது. தட்டச்சு செய்ய ஆரம்பித்தால் அதுவும் விசைப்பலகைக்கு அடியில் போய்விடும். அலுவலகத்தில் எல்லோரிடமும் 6.1 அங்குலத் திரை, ஆங்கில இடைமுகம். யார் கண்ணிலும் படவில்லை. பொத்தானில் இரண்டு வரி வர இடம்விட்டு, திரையை மேலே தள்ளிப் பார்க்கும்படி மாற்றினோம். புது ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களுக்கும் அதில்தான் வழி பிறந்தது.

எல்லாப் பழைய ஃபோனையும் என்றைக்கும் தாங்கு என்று நான் சொல்லவில்லை. திரைக்குத் திரை நகர்வதை எழுத உதவும், ஐஓஎஸ் 16இல் வந்த நேவிகேஷன்ஸ்டாக் போன்றவை எங்கள் வேலையை உண்மையிலேயே குறைக்கின்றன. விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் சரி, விடலாம். ஆனால் விடுகிற விதம் இருக்கிறது. பழைய கருவிக்கு ஆப் ஸ்டோர் அதற்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பைக் கொடுக்கிறது. அம்மா அப்படி நிறுவிய ஒரு செயலி, திறந்ததுமே ‘புதுப்பிக்கவும்’ என்று வழியை மறித்தது. அழுத்தினால் ஆப் ஸ்டோர் ஐஓஎஸ் 16 வேண்டும் என்கிறது. திரும்பி வந்தால் மறுபடி ‘புதுப்பிக்கவும்’. இப்படிச் செய்யவே கூடாது. கடைசிப் பதிப்புக்குச் சர்வர் கொஞ்ச காலமாவது பதில் சொல்லட்டும். நிறுத்துவதாக இருந்தால், எந்தத் தேதியில் என்று செயலிக்குள்ளேயே முன்கூட்டிச் சொல்லட்டும்.

இத்தனை வருடத்தில் அம்மா என்னை ஒரு தடவைகூடக் கூப்பிடாத ஒன்று உண்டென்றால் அது வீடுகளுக்கு அரசாங்கம் கொடுக்கும், கடைகளில் பணம்போல் செலவழிக்கும் சிடிசி பற்றுச்சீட்டுதான். செயலி எதுவும் நிறுவ வேண்டாம். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டால் உலாவியில் திறக்கிறது. கைத்தொலைபேசி இல்லாதவர்கள் சமூக மன்றத்தில் அச்சிட்டும் வாங்கிக்கொள்ளலாம். போன சனிக்கிழமை அம்மாவின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில் நானும் கூட நின்றேன். அம்மா 5 வெள்ளிச் சீட்டு இரண்டைத் தேர்ந்தெடுத்து, கியூஆர் குறியீட்டைக் கடைக்காரரிடம் நீட்டினார். அவர் வருடிவிட்டு, கீரைக்கட்டைப் பையில் போட்டுக் கொடுத்தார்.