புது வீடு, இரண்டு பேர், ஒரு ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின்: 8 மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் எங்களிடம் இருந்தது ஒரு மெத்தை, இரண்டு நாற்காலி, பிரிக்காத அட்டைப்பெட்டிகள், அப்புறம் மூலையில் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போன அழுக்குத் துணி மூட்டை. சோபாவும் டிவியும் மெதுவாக வரட்டும், வாஷிங் மெஷினை முதலில் வாங்கிவிடலாம் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு அந்த மூட்டைதான் காரணம். இருவரும் வேலைக்குப் போகிறோம். இரவு வீட்டுக்கு வந்து, பக்கெட்டில் ஊறுகிற துணியோடு மல்லுக்கட்ட இருவருக்கும் தெம்பு கிடையாது.

வாங்கியது 7 கிலோ ஃப்ரன்ட் லோடு (முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடுகிற வகை), 1200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), இன்வெர்ட்டர் மோட்டார் (வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கிற மோட்டார்), உள்ளேயே ஹீட்டர் உண்டு. கம்பெனி பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி எந்தக் கம்பெனியின் ஃப்ரன்ட் லோடுக்கும் பொருந்தும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இது அருமையான மெஷின். ஆனால் முதல் மாதத்தை வைத்து இதை எடை போடாதீர்கள். முதல் மாதம் எனக்கு இதன் மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, அதில் பெரும்பகுதி மெஷின் செய்த தப்பே இல்லை.

முதல் நாள் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மெஷினைக் கொண்டுவந்தவர்கள் அதை இடத்தில் இறக்கிவிட்டு, பொருத்துகிற ஆள் இரண்டு நாளில் வருவார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதுவரை ஓட்டக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. துணி மூட்டையோ கண்ணெதிரே கிடக்கிறது. சரி, ஒரு குழாயை மாட்டுவதில் என்ன இருக்கிறது என்று நாங்களே மாட்டி, துணியைப் போட்டு ஓட்டிவிட்டோம். துவைக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை, கண்ணாடி வழியாகத் துணி புரளுவதை இருவரும் தரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். துணியைப் பிழிய வேகமாகச் சுற்றுகிற ஸ்பின் ஆரம்பித்ததும் மெஷின் தடதடவென்று அதிர்ந்து, சுவரை விட்டு நகர்ந்து, அரை அடி முன்னால் வந்துவிட்டது. பிளக் வயர் விறைப்பாக இழுபடுகிறது. என் கணவர் ஓடிப்போய் மெஷினை மேலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு "ஸ்விட்ச், ஸ்விட்சை அணை" என்று கத்த, நான் அணைத்தேன். நின்ற பிறகும் சில நிமிடம் இருவருக்கும் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்த ஆள் பின்பக்கம் போய்ப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். உள்ளே டிரம் ஸ்பிரிங்கில் தொங்குகிறது. வண்டியில் வரும்போது அது ஆடி அடிபடாமலிருக்க, பின்னாலிருந்து நீளமான போல்ட் போட்டு இறுக்கித்தான் அனுப்புவார்கள். எங்கள் மெஷினில் 4 போல்ட். அவற்றைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகளைக் கூடவே வருகிற பிளாஸ்டிக் மூடியால் அடைத்த பிறகுதான் மெஷினையே ஓட்ட வேண்டும். போல்ட்டோடு ஓட்டினால் ஸ்பின்னின் அதிர்ச்சி முழுவதும் மெஷின் உடம்புக்குப் போகும். டிரம்முக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நீங்கள் வாங்கினால் தயவுசெய்து போல்ட்டைக் கழற்றியாயிற்றா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேளுங்கள்.

அதோடு ஆட்டம் நின்றதா என்றால் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி லேசான நடுக்கம். எங்கள் வீட்டில் மெஷின் நிற்கிற இடத்தில், தண்ணீர் ஓடுவதற்காகத் தரை ஒரு பக்கம் சரிவாக இருக்கிறது. நான்கு கால்களையும் திருகி உயரத்தைச் சரிசெய்திருந்தார்கள், ஆனால் ஒவ்வொரு காலிலும் இருக்கிற பூட்டு நட்டை மேல்நோக்கித் திருகி இறுக்கவில்லை. அதனால் அதிர அதிரக் கால் தானாகவே இறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் கணவர் தரையில் படுத்து ஸ்பேனரால் திருக, நான் மேலே ரசமட்டத்தை வைத்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லிச் சொல்லிச் சரிசெய்தோம். இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 48 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள டிரம் நிமிடத்துக்கு 1200 தடவை சுற்றும்போது, ஓரத்தில் இருக்கிற துணியின் மேல் விழுகிற விசை அதன் எடையைப் போல் கிட்டத்தட்ட 380 மடங்கு. ஈர டவல் ஒரு கிலோ இருந்தால் அது 380 கிலோ கனத்தோடு டிரம்மை அழுத்துகிற மாதிரி. அப்படி இருக்கும்போது ஒரு கால் கொஞ்சம் தூக்கியிருந்தால்கூட ஆடாமல் என்ன செய்யும்?

அடுத்தது துவைக்கும் தரம். முதல் மாதம் முழுக்க நாங்கள் ஓட்டியது 30 நிமிட க்விக் வாஷ் மட்டும்தான். அவருடைய வெள்ளைச் சட்டை காலரில் இருக்கிற அழுக்குக் கோடு போட்டபடியே திரும்பி வரும். இதுக்கா இத்தனை பெரிய மெஷின் என்று நான் புலம்பாத நாளில்லை. ஒருநாள் உட்கார்ந்து கூட வந்த புத்தகத்தைப் படித்தால், க்விக் வாஷ் என்பது 2 கிலோவுக்குள், ஒருமுறை உடுத்திய லேசான துணிக்கு மட்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நாங்களோ டிரம் நிறையத் திணித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் காட்டன் 40 டிகிரியில், இரண்டு மணி நேரத்துக்கும் மேல் போகிற வாஷில் போட்டோம். காலர் சுத்தமாக வந்தது. ஃப்ரன்ட் லோடில் துணி தண்ணீரில் மிதப்பதில்லை. கொஞ்சத் தண்ணீரில் நனைந்து, மேலே தூக்கப்பட்டு, கீழே விழுந்து, அந்த அடியில்தான் அழுக்கு போகிறது. அதற்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும்.

வெந்நீர் என்றதும் கரண்ட் எகிறிவிடுமே என்று அவர் பயந்தார். 10 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதை 25 டிகிரியிலிருந்து 40க்குச் சூடாக்க 0.17 யூனிட் போதும், 60க்கு என்றால் 0.4 யூனிட். டிரம்மும் துணியும் சூடாக வேண்டும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தினமும் போடுகிற துணிக்கு 40, டவலுக்கும் படுக்கை விரிப்புக்கும் 60 என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். ரத்தக் கறையை மட்டும் வெந்நீரில் போட்டுவிடாதீர்கள். பெட்டி பிரிக்கும்போது அவர் விரலைக் கட்டரில் வெட்டிக்கொண்டு, அந்தக் கறை தலையணை உறையில் பட்டு, நான் அதை நேராக 60 டிகிரியில் போட்டுவிட்டேன். சூட்டில் ரத்தத்திலுள்ள புரதம் இறுகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும், அதை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். அந்த உறையில் பழுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது.

பவுடர் விஷயத்தில் எங்கள் இருவருக்கும் நிஜமாகவே சண்டை வந்தது. அவருக்குக் கை தாராளம், நுரை வந்தால்தான் அழுக்கு போகும் என்று நம்புகிறவர். ஃப்ரன்ட் லோடில் இது நேர் எதிர். நுரை அதிகமானால் துணி விழுகிற அடி மெத்தென்று ஆகிவிடும், அழுக்கு போகாது. மெஷினும் நுரையைப் பார்த்துவிட்டு அலசுவதை நீட்டிக்கொண்டே போகும். ஃப்ரன்ட் லோடு என்று போட்ட, நுரை குறைவான பவுடராகவே வாங்குங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீர்கள். இப்போது எங்கள் வீட்டில் அளவு கரண்டி பவுடர் டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது, கரண்டி இல்லாமல் யாரும் கொட்டக் கூடாது என்று பேச்சு.

மூன்றாவது மாதம் நாற்றம் ஆரம்பித்தது. துவைத்த டவலில் முகம் துடைத்தால் பழைய ஈரத்துணி வாடை. காரணத்தைத் தேடிக் கதவைச் சுற்றியிருக்கிற சாம்பல் நிற ரப்பர் வளையத்தின் அடிமடிப்பை விரித்துப் பார்த்தேன். உள்ளே தேங்கிய தண்ணீர், தலைமுடி, துணிப் பஞ்சு, ஒற்றைக் கால் சாக்ஸ், எல்லாவற்றின் மேலும் வழவழவென்று ஒரு படலம். மிச்சமான பவுடரும் ஈரமும் சேர்ந்து செய்கிற வேலை இது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாஷுக்குப் பிறகும் அந்த மடிப்பை ஒரு துணியால் துடைத்து, கதவையும் பவுடர் டிரேயையும் லேசாகத் திறந்தே வைக்கிறோம். மாதம் ஒருமுறை காலி டிரம்மைச் சூட்டில் ஓட்டுகிறோம். வாடை போயே போய்விட்டது.

அதே வேகத்தில் அடியில் இருக்கிற ஃபில்டரையும் பார்க்கலாம் என்று திறந்தோம். பக்கத்தில் இருக்கிற சின்னக் குழாயை இழுத்து முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும் என்று தெரியாமல் நேரே திருகியதில் தரை முழுக்கத் தண்ணீர். துடைத்து முடித்துப் பார்த்தால் ஃபில்டருக்குள் இரண்டு நாணயம், ஒரு ஹேர்பின், அப்புறம் ஒரு ஸ்க்ரூ. அலமாரி மாட்டும்போது ஒன்று குறைகிறது என்று ஒரு மாலை முழுக்க அட்டைப்பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடி, கடைசியில் மேல்தட்டை மூன்று ஸ்க்ரூவிலேயே நிற்க வைத்திருந்தோமே, அந்த ஸ்க்ரூ! அவருடைய பேன்ட் பாக்கெட்டிலிருந்து போயிருக்கிறது. அப்போதே கழுவித் துடைத்து மாட்டிவிட்டார்.

இப்போது நாள் எப்படிப் போகிறது என்றால், இரவு படுக்கும் முன் நான் துணியைப் போட்டு, காலை ஆறரைக்கு முடிகிற மாதிரி நேரம் வைத்துவிடுவேன். காலையில் எடுத்து உதறிக் காயப்போடுவது அவர், மாலையில் மடிப்பது யார் முதலில் வருகிறார்களோ அவர். இந்த டிலே வசதிக்காகவே நான் இந்த மெஷினுக்கு முழு மார்க் கொடுப்பேன். முடிந்த துணியை மணிக்கணக்காக உள்ளேயே விட்டால் சுருக்கமும் வாடையும் வரும். சட்டைக்கு மட்டும் ஸ்பின்னை 800க்குக் குறைத்துக்கொள்ளுங்கள், தேய்க்கிற வேலை பாதியாகும்.

குறைகளும் உண்டு. திரையில் காட்டுகிற மீதி நேரத்தை நம்ப முடியாது. துணி ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் அதைப் பிரித்துப் போட்டு மறுபடி மறுபடி முயற்சி செய்வதால், ஒரு நிமிடம் என்று காட்டிவிட்டுப் பத்து நிமிடம் நிற்கும். கால்மிதியை மட்டும் தனியாகப் போட்டால் கட்டாயம் இப்படி ஆகும், கூட இரண்டு டவலையாவது போடுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு ஞாபகம் வருகிற சட்டையை உள்ளே போடுவதும் சுலபமில்லை. போனில் போடுகிற ஆப்பை ஒரே வாரத்தில் அழித்துவிட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. வாங்கும் முன் இடத்தை அளக்கும்போது 60 சென்டிமீட்டர் அகலம், 85 உயரம் என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பின்னால் குழாய்க்கு இடம் வேண்டும், முன்னால் கதவு முழுதாகத் திறக்க வேண்டும். நாங்கள் அதைப் பார்க்கவில்லை, மெஷின் கதவு திறந்திருந்தால் குளியலறைக் கதவு பாதிதான் திறக்கிறது.

7 கிலோவா 8 கிலோவா என்று கேட்பவர்களுக்கு: இருவரின் அன்றாடத் துணிக்கும் இரட்டைக் கட்டில் விரிப்புக்கும் 7 தாராளம். தடிமனான ரஜாயை (பஞ்சு அடைத்த போர்வை) வீட்டிலேயே துவைக்க வேண்டும் என்றால் 8 வாங்குங்கள், எங்களுடையதில் அதைத் திணித்தால் புரளக்கூட இடமில்லை. கையைச் செங்குத்தாக நீட்டினால் துணிக்கு மேல் ஒரு சாண் இடம் இருக்க வேண்டும், அதுதான் அளவு.

கழற்றிய 4 போல்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீடு மாறும்போது மெஷினைத் தூக்கும் முன் அவற்றைத் திரும்ப மாட்ட வேண்டும். எங்களுடையவை ஒரு டப்பாவில், மேலே "மெஷின் போல்ட்" என்று அவர் கையெழுத்தில் எழுதி ஒட்டி, இப்போது நான்கு ஸ்க்ரூவும் உள்ள அந்த அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.