தானியங்கி ரீஃபில் சேவை: நாள்பட்ட வலிக்கு மருந்து எடுப்பவர்கள் நம்பலாமா?

மாதாமாதம் ஒரே மருந்தை வாங்குகிறவர்களுக்காகப் பல மருந்துக்கடைகள் நடத்தும் சேவை இது. ஒருமுறை பதிந்துவிட்டால், மருந்து தீரும் நாளைக் கணக்குப் போட்டு, சில நாள் முன்னதாகவே அடுத்த மாதத்துக்கானதை எடுத்து வைத்து, 'தயார்' என்று குறுஞ்செய்தி அனுப்பிவிடுவார்கள். ரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரைகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். நாள்பட்ட வலிக்கு மருந்து எடுப்பவர்களிடம் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அவர்கள் எடுக்கும் மருந்துகளில் சிலவற்றுக்கு இது நன்றாகவே கைகொடுக்கிறது. ஒரு நாள் தாமதத்தைக்கூடத் தாங்காத மருந்துகளில் சிலவற்றுக்குத்தான் கைவிடுகிறது.

முதலில் அதன் கணக்கைப் பார்க்கலாம். கடைசியாக மருந்து கொடுத்த தேதியிலிருந்து நாட்களை எண்ணிக்கொண்டு போவது மட்டுமே அதற்குத் தெரியும். வீட்டில் எத்தனை மாத்திரை மிச்சம் என்பது தெரியாது. நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின் 300 மி.கி., நாளைக்கு 3 வீதம் 90 கேப்ஸ்யூல் வாங்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். வாங்கிய கையோடு மருத்துவர் நாளைக்கு 4 ஆகக் கூட்டுகிறார், வாய்மொழியாக. 90 கேப்ஸ்யூல் 22 நாளில் தீர்ந்துவிடும். சேவை 30-ஆம் நாளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். நீங்கள் போய்க் கேட்டாலும் 'இன்னும் தேதி ஆகவில்லை' என்று காப்பீட்டுக் கணினி திருப்பி அனுப்பும். அளவு மாறிய அன்றே புதிய சீட்டு எழுதி வாங்கி, பழைய சீட்டை ரத்து செய்யச் சொல்லுங்கள். 'தேவைப்பட்டால் இன்னொன்று' என்று மருத்துவர் சொல்லும் கூடுதல் மாத்திரையும் அப்படியே. சீட்டில் 'ஒரு நாளைக்கு அதிகபட்சம் இத்தனை' என்று எழுதியிருந்தால்தான் கடையின் கணக்கில் அது ஏறும்.

இன்னொரு சிக்கல் 30 நாள் சீட்டிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை தொடங்கினால் அடுத்த சுற்று புதன்கிழமை, அதற்கடுத்தது வெள்ளி, அதற்கடுத்தது ஞாயிறு. நான்காவது சுற்றில் மருத்துவமனை மூடியிருக்கும் நாளில் வந்து நிற்பீர்கள். 28 நாள் சீட்டாக எழுதச் சொன்னால் எல்லாச் சுற்றும் ஒரே கிழமையில் விழும். 13 சுற்றில் 364 நாள் ஓடிவிடும். மருந்து முடியும் நாள் புதன் அல்லது வியாழனாக இருக்கும்படி தொடங்குவது நல்லது. ஏதாவது தடங்கல் வந்தால் பேசித் தீர்க்க அந்த வாரத்திலேயே ஒரு வேலைநாள் மிச்சம் இருக்கும். இந்த ஒரு மாற்றம் எந்த ஆப்பும் செய்யாத உதவியைச் செய்யும். இதற்குச் செலவும் இல்லை.

கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு வருவோம். மார்ஃபின், ஆக்ஸிகோடோன், ஃபென்டனில் பேட்ச் (தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை) போன்றவற்றுக்குப் பல நாடுகளில் அதே சீட்டில் மறுபடி வாங்கும் ரீஃபில் என்பதே கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிய சீட்டு வேண்டும். ட்ரமடால், பிரெகாபலின் ஆகியவையும் பல இடங்களில் ஏதோ ஒரு கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. ஆகவே இவை தானியங்கிச் சேவைக்குள் பெரும்பாலும் வராது. விண்ணப்பத்தில் இதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். நான்கு மருந்துகளையும் பதிந்துவிட்டோம் என்று நினைத்துக் கடைக்குப் போனால் பையில் மூன்றுதான் இருக்கும். வராத அந்த ஒன்றுதான் வலியை அடக்கி வைத்திருந்த மருந்தாக இருக்கும். பதிந்த அன்றே, எந்தெந்த மருந்து சேவைக்குள் இருக்கிறது, எது இல்லை என்று பெயர் பெயராகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேவைக்கு வெளியே நிற்கும் மருந்துக்கு நீங்களேதான் ரீஃபில் சேவை. கையில் 7 நாள் மருந்து இருக்கும்போதே மருத்துவமனைக்குச் சீட்டு கேட்டுச் சொல்லிவிடுங்கள். 4 நாள் இருக்கும்போது கடைக்குப் போன் செய்து, மருந்தின் பெயர், மி.கி., எண்ணிக்கை மூன்றையும் சொல்லி, அத்தனையும் ஸ்டாக் இருக்கிறதா என்று கேளுங்கள். 'இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால், 10 மாத்திரை இருந்தாலும் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். இவ்வகை மருந்துகளைக் கடைகள் அதிகம் வாங்கி வைப்பதில்லை. வரவழைக்க ஓரிரு வேலைநாள் ஆகும். தீர்வதற்கு முதல் நாள்வரை கொடுக்க மாட்டோம் என்பார்கள், பல இடங்களில் அது விதி. ஆனால் ஸ்டாக்கை முன்பே வரவழைத்து வைப்பதை எந்த விதியும் தடுப்பதில்லை.

சேவை அனுப்பும் குறுஞ்செய்திகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'மருத்துவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்' என்று வந்தால், சீட்டில் ரீஃபில் தீர்ந்துவிட்டது, கடையின் கோரிக்கை மருத்துவமனைக் கணினியில் எங்கோ கிடக்கிறது என்று பொருள். காத்திருக்காதீர்கள், மருத்துவமனையைக் கூப்பிட்டு, கோரிக்கை வந்திருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். 'காப்பீட்டு ஒப்புதல் நிலுவையில்' என்றால் மருத்துவர் ஒரு படிவம் அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த ஒப்புதலுக்குக் காலாவதி உண்டு. முடியும் தேதியைக் கேட்டு வைத்து, ஒரு மாதம் முன்பே புதுப்பிக்கச் சொல்லலாம். 'பகுதி வழங்கல்' என்றால் மீதி பிறகு வரும். ஆனால் கட்டுப்பாட்டு மருந்துகளில் குறிப்பிட்ட காலத்துக்குள் மீதியை வாங்காவிட்டால் அந்த உரிமையே போய்விடும் இடங்களும் உண்டு. கடைசித் தேதியைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பையை வாங்கியதும் கவுண்டரிலேயே எண்ணிப் பாருங்கள். 56 மாத்திரை என்றால் 14 கொண்ட 4 அட்டை. சில சமயம் மூன்று முழு அட்டையும், வெட்டிய இரண்டு துண்டும் இருக்கும். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரோ காலாவதித் தேதியோ போயிருந்தால் மாற்றிக் கேளுங்கள். மி.கி. அளவைத் தனியாகப் படியுங்கள். 75-க்கும் 150-க்கும் பெட்டி ஒரே நிறத்தில் வருவது சகஜம். கடையை விட்டு வெளியே வந்தபின் 'குறைந்தது' என்று சொன்னால், வலி மருந்து விஷயத்தில் நம்புகிறவர்கள் குறைவு. அந்தச் சந்தேகப் பார்வையை யாரும் சந்திக்க வேண்டியதில்லை. கவுண்டரில் ஒரு நிமிடம் செலவிட்டால் போதும்.

வீட்டுக்கே கொண்டுவரும் வசதி நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. கட்டுப்பாட்டு மருந்துக்கு அடையாள அட்டையும் கையெழுத்தும் கேட்பார்கள். ஆள் இல்லையென்றால் பார்சல் திரும்பிவிடும். டெலிவரி என்றால் கையில் 5 நாள் இருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம். எல்லா மருந்தையும் வேளைக்கு ஒரு உறையாகக் கட்டித் தரும் சேவை, அளவு நிலையாக இருப்பவர்களுக்கு மட்டும் சரி. வலி மருந்தின் அளவு அடிக்கடி மாறும், உறையைப் பிரித்து ஒன்றை எடுத்துவிடுவதும் ஆபத்து. நினைவூட்டும் ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலண்டரில் இரண்டு தேதியை வட்டமிட்டால் அதே வேலை நடக்கும்.

இத்தனைக்குப் பிறகும் மருந்து தாமதமாகும். ஒரு கடையின் தரம் அன்றுதான் தெரியும். நல்ல மருந்தாளுநர் 'ஸ்டாக் இல்லை' என்பதோடு நிறுத்த மாட்டார். 150 மி.கி. பிரெகாபலின் இல்லையென்றால் 75 இரண்டாகத் தரலாமா, 60 மி.கி. டுலாக்ஸெடினுக்கு 30 இரண்டா என்று மருத்துவரிடம் பேசுவார். வேறு கிளையில் இருக்கிறதா என்று பார்ப்பார். சாதாரண மருந்தென்றால், சட்டம் இடம் கொடுக்கும் ஊர்களில் சில நாளுக்கு அவசர வழங்கல் தருவார். வலுவான ஓபியாய்டுகளுக்கு (மார்ஃபின் வகை வலி மருந்துகள்) இது பொதுவாகக் கிடையாது. மெதுவாக வெளியாகும் மாத்திரைக்குப் பதில் உடனடி மாத்திரையை அதே எண்ணிக்கையில் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கு மருத்துவர் வேளைகளைத் திருத்தி எழுதியாக வேண்டும். மெதுவாக வெளியாகும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, ஓபியாய்டு பேட்ச், மருந்து பசையிலேயே கலந்திருக்கும் மேட்ரிக்ஸ் வகையானாலும், அதில் கத்தரிக்கோல் படக்கூடாது.

எந்த மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதைக் கடைக்காரருக்குச் சொல்லத் தெரிந்திருந்தால் உங்கள் கோரிக்கைக்கு எடை கூடும். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது வரை போகலாம். இதற்கு ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. காபாபென்டின், பிரெகாபலின் இரண்டையும் நிறுத்துவதென்றால் குறைந்தது ஒரு வாரம் படிப்படியாகக் குறைக்க வேண்டும். டுலாக்ஸெடின் நின்றால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்னல் அடிப்பது போன்ற உணர்வு வரும். அதே வகையைச் சேர்ந்த வென்லாஃபாக்ஸினில் இது இன்னும் சீக்கிரம் தொடங்கும். உடனடி வகை ஓபியாய்டு நின்றால், ஏறக்குறைய அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்தைத் தொடும். ட்ரமடாலில் இவற்றோடு பதற்றமும் சேரலாம். பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைச் சில வாரமாக எடுத்துவருபவர்கள் அதையும் விட்டுவிடக் கூடாது. ஐபுப்ரோஃபென் வகை நின்றால் வலி திரும்பும், வேறு உபாதை வராது. ஆகவே எல்லா மருந்துக்கும் ஓட முடியாதபோது எதற்கு முதலில் ஓடுவது என்பதை இந்த வரிசை சொல்லும்.

பேசும்போது 'மருந்து தீர்ந்துவிட்டது, வலிக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'பாக்லோஃபென் 10 மி.கி., நாளைக்கு 3, கையில் 4 மாத்திரை, நாளை மதியத்தோடு தீரும், திடீரென்று நிற்கக் கூடாத மருந்து' என்று சொல்லுங்கள். வரவேற்பறையில் உள்ளவர் அதை அப்படியே எழுதி மருத்துவரிடம் நீட்டுவார். தாமதம் உறுதி என்று தெரிந்தால், மிச்சம் உள்ளதை எப்படிப் பரப்பி எடுப்பது என்றும் அப்போதே கேளுங்கள். முழு அளவில் எடுத்துத் தீர்த்துவிட்டு ஒரேயடியாக நிற்பதைவிட, குறைந்த அளவில் தொடர்வது பல மருந்துகளில் பாதுகாப்பு. ஆனால் எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்லட்டும். வலிப்பு, குழப்பம், கடும் காய்ச்சலோடு உடல் விறைப்பு, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் கடை வேண்டாம், நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவு.

இடைப்பட்ட நாட்களில் பாரசிட்டமால் உதவும், ஆனால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. கல்லீரல் பாதிப்பு, குறைந்த எடை, மதுப் பழக்கம் இருந்தால் அதைவிடக் குறைவு. சளி மாத்திரையிலும், சில கூட்டு வலி மாத்திரைகளிலும் அதே பாரசிட்டமால்தான் இருக்கிறது, அதையும் கூட்டுங்கள். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் ஒரே வகை. இரண்டையும் சேர்த்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் சுமையும்தான் கூடும். வெந்நீர்ப் பையை ஒரு துணி சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். பேட்ச் ஒட்டிய இடத்திலோ அதன் அருகிலோ கூடாது, சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். தோல்மேல் மெல்லிய மின்துடிப்பு செலுத்தி வலியைக் குறைக்கும் டென்ஸ் கருவி சிலருக்கு நன்றாக உதவும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது, கழுத்தின் முன்பக்கத்தில் யாருமே வைக்கக் கூடாது. மிளகாய்ச் சத்துள்ள கேப்சைசின் களிம்பைப் புதிதாக வாங்குவதில் பயனில்லை. தினமும் தடவினாலும் வேலை காட்டச் சில வாரம் ஆகும். இன்னொருவரின் மாத்திரையைக் கடன் வாங்க வேண்டாம்; பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவும் வெளியாகும் வேகமும் வேறாக இருக்கலாம்.

மருந்து வந்து சேர்ந்த நாளில்தான் பலரும் கவனம் தவறுகிறார்கள். ஓபியாய்டு சில நாள் நின்றிருந்தால் உடலின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய முழு அளவை அப்படியே எடுத்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. எத்தனை நாள் நின்றது என்று சொல்லி, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று கேட்டபின் எடுங்கள். ஓபியாய்டு மிகுந்து மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் மருந்தான நலாக்ஸோன் கிடைக்கும் இடமென்றால் வீட்டில் ஒன்று இருக்கட்டும், உடன் இருப்பவருக்கு அதைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கட்டும். ஃபென்டனில் பேட்ச் ஒட்டியவுடன் வேலை செய்யாது, முழுப் பலன் தெரிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். பொறுமை இழந்து இரண்டாவது பேட்ச் ஒட்டுவது உயிருக்கே உலை வைக்கும்.

சேவையில் சேரலாமா என்றால்: டுலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின், பாக்லோஃபென் போன்றவற்றை நிலையான அளவில் எடுப்பவர்கள் தயங்காமல் சேரலாம். ஓபியாய்டு எடுப்பவர்கள் மற்ற மருந்துகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, எல்லாம் ஒரே நாளில் விழும்படி தேதிகளைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாத கடையென்றால் கடையை மாற்றுவதே மேல். அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் கட்டத்தில் இருப்பவர்கள் இப்போதைக்குச் சேர வேண்டாம். மருத்துவர் நிறுத்திய மருந்தைச் சேவை தானாக நிறுத்தாது. கடைக்குத் தனியாகச் சொல்லி ரத்து செய்து, உறுதிச் செய்தி வரும்வரை விடாதீர்கள். இல்லையென்றால் நிறுத்திய மருந்து மாதாமாதம் வந்து, ஒரே பெயரில் இரண்டு மி.கி. அளவுகள் அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும்.