ஹாரி டீன் ஸ்டாண்டன்: எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1926-இல் பிறந்து, பல்லாண்டுகள் துணைவேடங்களிலேயே நடித்துவந்த திரைப்பட நடிகர் ஹாரி டீன் ஸ்டாண்டனை அறிய விரும்புவோர், 'பாரிஸ், டெக்சாஸ்' (1984), 'லக்கி' (2017) ஆகிய இரண்டில் எதை முதலில் பார்ப்பதென்று தயங்குகிறார்கள்.

நேரம்: முன்னது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம், பின்னது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நடிப்பு: முன்னதில், அறுபதை நெருங்கும் வயதில் நாயகனாகி, தொடக்கத்தில் நெடுநேரம் ஒரு சொல்லும் பேசாமலிருந்து, பிற்பாடு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் பிரிந்த மனைவியிடம் தொலைபேசியில் மனம் திறக்கும் அந்த ஸ்டாண்டனை வேறெந்தப் படத்திலும் காண முடியாது. பின்னதில் 90 வயது முதியவராக வருகிறார். அப்பாத்திரத்தைப் போலவே அவரும் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றியவர்.

பொறுமையுள்ள புதியவர் முன்னதையே எடுக்க வேண்டும். ஸ்டாண்டனின் முகத்தைப் பல படங்களில் கண்டு பழகியவருக்கே பின்னது முழுமையாகப் பொருள்படும்.