‘அப்சைட் டவுன்’ கெளுத்தி என்று கொடுப்பதை நம்பாதீர்கள், 4,200 ரூபாய் போச்சு

வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு கடை. பெயர் போட்டால் சண்டைக்கு வருவார்கள், போடவில்லை. கம்யூனிட்டி டேங்கில் (பல வகை மீன் சேர்ந்து இருக்கும் தொட்டி) கோரி (தரையில் மேயும் குட்டிக் கெளுத்தி) வைத்திருப்பவர்கள் கெளுத்தி வாங்கப் போகுமுன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கணக்கு இதுதான். அப்சைட் டவுன், அதாவது தலைகீழாக நீந்தும் கெளுத்தி, என்று சொல்லிக் கொடுத்தவை 5, ஒன்று 450. கோரி 8, ஒன்று 120. பிரிஸ்டில்நோஸ் (பாசி மேயும் கெளுத்தி) ஒரு ஜோடி 800. கடைசியாகக் கடைக்காரரே தலையில் கட்டிய மெத்திலீன் ப்ளூ (பூஞ்சை மருந்து) 190. ஆக 4,200. எல்லாம் ஒரே கடை, ஒரே ‘செட்’. டேங்க் 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கிட்டத்தட்ட 190 லிட்டர்.

நம்ப வைத்தது ஒரு நிமிஷக் காட்சி. கடைத் தொட்டியில் மரக்கட்டைக்கு அடியில் ஒரு குட்டி வயிறு மேலே தெரிய ஒட்டிக்கொண்டு நின்றது. “பாத்தீங்களாண்ணே, தலைகீழா நிக்குது. நாலு இஞ்சுக்கு மேல வளராது. நியான் மாதிரி பொடி மீன்கூட விட்டாலும் ஒண்ணும் பண்ணாது.” கண்ணால் பார்த்த பிறகு யார் கேள்வி கேட்பார்கள்? ஆனால் அப்சைட் டவுன் சேர்ந்த சினோடாண்டிஸ் இனக் கெளுத்திகளில் பல வகை அவ்வப்போது அப்படிக் கவிழ்ந்து நிற்கும். அது அடையாளமே இல்லை.

நிஜ அப்சைட் டவுன், நைக்ரிவென்ட்ரிஸ், காங்கோ படுகையைச் சேர்ந்தது. அதன் வயிறு முதுகைவிடக் கறுப்பு. கவிழ்ந்தே நீந்துவதால் மேலே பார்க்கும் பக்கம் இருண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாது, கூட்டமாக இருக்கும், 10 சென்டிமீட்டர் சுமாருக்கு நின்றுவிடும். இங்கே பையில் கட்டிக் கொடுத்தது ஃபெதர்ஃபின், அதாவது யூப்டெரஸ். குட்டியில் இரண்டும் பழுப்பும் புள்ளியுமாக ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் இது 20 சென்டிமீட்டருக்கு மேலும் போகும், முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீளும், தனக்கென்று பிடித்த பொந்தை விடவே விடாது.

டேங்கில் இருந்த பொந்து இரண்டே: ஒரு மரக்கட்டை, ஒரு மண்சட்டி. வந்தது ஐந்து. பகலில் ஐந்தும் கட்டைக்கு அடியில் அடைந்து கிடக்கும், பார்க்க சமாதானம். லைட் அணைந்ததும் பெரியது மற்ற நாலையும் விரட்டும், அந்த நாலும் வெறியைக் கோரிகள்மேல் காட்டும். பாவம், கோரிக்குப் பொந்தில்லை, மணலிலேயே படுக்கும். காலையில் பார்த்தால் வால் துடுப்பு அடிக்கட்டை வரை இல்லை. மண்சட்டியைப் பிடித்திருந்த ஆண் பிரிஸ்டில்நோஸுக்குப் பக்கவாட்டில் தோல் வழண்டிருந்தது. ஆறு நாளில் ஐந்து கோரி காலி.

கேட்டால் முதல் பதில், “தண்ணி மாத்துனீங்களா? அமோனியாவா இருக்கும்.” டெஸ்ட் கிட்டில் அமோனியா பூஜ்யம், போட்டோ அனுப்பியாயிற்று. நீல டிக் மட்டும் விழுந்தது. நேரில் போனால், “பூஞ்சைதாண்ணே, இதை டேங்க்லயே ஊத்துங்க.” மெத்திலீன் ப்ளூவை மெயின் டேங்கில் ஊற்றினால் மீன் கழிவின் அமோனியாவைத் தின்னும் ஃபில்டர் பாக்டீரியா செத்துப்போகும் என்று மருந்து விற்பவருக்குத் தெரியாதா? மூன்றாம் நாள் அமோனியா நிஜமாகவே ஏறி, மிச்ச மூன்று கோரியும் பிரிஸ்டில்நோஸ் ஜோடியும் போயின. சிலிக்கான் ஒட்டெல்லாம் இன்னும் நீலம். மறுபடி கேட்டால், “உயிருள்ள சரக்குக்கு கேரண்டி கிடையாது. சண்டை போடுதுன்னா அஞ்சடி டேங்க் நம்மகிட்டயே இருக்கு.” 4,200 ரூபாயை விழுங்கிவிட்டு அஞ்சடி டேங்காம்!

விவரமாக எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. முக்கியமானது மட்டும்:

கடையிலேயே வயிற்றையும் முதுகையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வயிறு கறுப்பாக இல்லையா, வாங்காதீர்கள். ஐந்து இஞ்சு மீனைக் காட்டி ‘அப்சைட் டவுன்’ என்றால் நிச்சயம் பொய்.

ஃபெதர்ஃபின் ஏற்கெனவே வந்துவிட்டதா? ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை வெளியேற்றும்வரை 3 இஞ்சு பிவிசி பைப்பை முக்கால் அடித் துண்டுகளாக வெட்டி, மீன் எண்ணிக்கையைவிட இரண்டு கூடுதலாக, வாய்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி போடுங்கள். தீனி லைட் அணைந்த பிறகு, டேங்கின் இரண்டு கோடியிலும், மூழ்கும் பெல்லட்டாக.

வலை போட்டுப் பிடிக்காதீர்கள், முள் பூட்டிக்கொள்ளும், வலையை வெட்டித்தான் எடுக்கவேண்டும். பைப்புக்குள் இருக்கும்போதே இரண்டு வாயையும் பொத்தித் தூக்குங்கள்.

மருந்து தனித் தொட்டியில் மட்டும்.

ஐந்தும் இப்போது ஆளுக்கொரு டப்பில், ஏர் ஸ்டோனோடு கிடக்கின்றன. திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 50 ரூபாய் தருகிறாராம். அதையும் நாளைக்கு ‘அப்சைட் டவுன்’ என்று 450-க்கு யாரிடமோ விற்பார்.