2 டிபி என்று வாங்கியது 128 ஜிபி: பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர் போடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கொஞ்ச நாள் முன்னால் வரைக்கும் கம்ப்யூட்டரில் ஏதோ வைரஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது, 2 டிபி என்று வாங்கிய எஸ்எஸ்டியை (கோப்புகளைச் சேமிக்கிற டிரைவ்) கழற்றி, மேசையில் பிரித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஆத்திரத்தில் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு மாதச் சேமிப்பு போச்சு. ஏன் மாதக் கணக்கு என்றால், நான் அப்படித்தான் சேர்த்தேன். மொத்தக் கம்ப்யூட்டருக்குப் பதினொரு மாதம். அதில் ஏழு மாதத்துக்கு உருப்படியான பொருள் வந்தது. எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி) சேர்ந்து மிச்ச நாலு மாதத்தை விழுங்கிவிட்டன.

வாங்கியது, யார் வேண்டுமானாலும் பாகங்கள் விற்கலாம் என்கிற மாதிரியான ஒரு ஆன்லைன் விற்பனைத் தளத்தில். பெயர் போடவில்லை, போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள் என்கிறான் நண்பன். விற்றவர் தனிநபர். தனித்தனிப் பாகமாகவும் விற்பார், நாம் கேட்டால் செட்டாகப் பூட்டியும் அனுப்புவார்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை. அதுதான் எரிச்சலே. பட்ஜெட் பில்டில் எங்கே ஏமாற்றுவார்கள் என்று ஒரு மாதம் படித்தேன், ஆனால் படித்ததெல்லாம் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி. பழைய ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை (தான் எந்தக் கார்டு என்று சொல்லும் உள் மென்பொருள்) மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கிறார்கள், பின்னால் விஜிஏ போர்ட் (பழைய மானிட்டர் இணைப்பு) இருந்தால் அது போலி, ஏனென்றால் அந்தத் தலைமுறைக் கார்டில் அனலாக் அவுட்புட்டே கிடையாது: தெரியும். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரிலேயே 2048 ஷேடர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்ன அலகு) வைத்த ஒன்று இருக்கிறது, உண்மையில் அது 570-தான், அசல் 580-க்கு 2304 இருக்கவேண்டும்: அதுவும் தெரியும். முன்வாசலில் நாலு பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தேன்.

நான் கேட்டது ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. "அண்ணா, இது 2048-ஆ 2304-ஆ?" என்று மெசேஜ் போட்டேன். அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லையே தம்பி, விஷயம் தெரிஞ்சவனா இருக்க" என்றார். உடனே வீடியோ காலில் வந்து, கார்டை மாட்டி, கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து 2304 என்று காட்டினார். நானே கேட்காமல் பத்து நிமிஷம் கேம் ஓடவிட்டு வெப்பநிலையையும் காட்டினார். அங்கேதான் விழுந்தேன். அந்தக் கார்டு அசல், இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. அதைத் தூண்டிலில் மாட்டித்தான் என்னைப் பிடித்தார்.

அப்புறம் ஸ்டோரேஜ் பேச்சு வந்தது. நான் 500 ஜிபி என்விஎம்இ கேட்டேன். என்விஎம்இ என்பது எஸ்எஸ்டியில் வேகமான வகை, சாட்டா அதைவிட மெதுவான பழைய வகை; வேகத்தைச் செகண்டுக்கு இத்தனை எம்பி என்று சொல்வார்கள். அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது: "வேகத்துக்குக் காசு கொடுக்காத தம்பி, இடத்துக்குக் கொடு. சாட்டா 550 போகும், என்விஎம்இ 3500 போகும். ஆனா கேம் லோடு ஆகுறதுல ரெண்டு மூணு செகண்டுதான் வித்தியாசம். அதே காசுக்கு 2 டிபி சாட்டா தர்றேன்." இதில் கொடுமை என்னவென்றால், அவர் சொன்ன விஷயம் பெரும்பாலும் சரி. நிறைய கேம்களில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குப் போகும்போது தெரிகிற வித்தியாசம், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது தெரியாது. கேம்களும் இப்போது பூதாகாரமாக இருக்கின்றன, 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்டு ஒன்றுக்கே 125 ஜிபி வேண்டும், அதுவும் எஸ்எஸ்டியில். எனக்கு அவர் பேச்சு நியாயமாகப் பட்டது. விலை உயர்ந்ததைத் தள்ளிவிடாமல் வேண்டாம் என்கிறாரே, நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நல்ல மனுஷன்!

டிரைவில் ஒட்டியிருந்த பெயர் கேள்விப்படாத பெயர். கேட்டேன். "பெரிய கம்பெனிக்குச் செய்யுற அதே ஃபேக்டரிதான், ஸ்டிக்கர்தான் வேற" என்றார். விண்டோஸில் 1.81 டிபி காட்டுகிற படம் அனுப்பினார், 2 டிபி டிரைவுக்கு அதுதான் சரியான கணக்கு. வேகம் அளக்கிற சாஃப்ட்வேரில் 500-க்கு மேல் காட்டுகிற படமும் அனுப்பினார். நான் திருப்தியாகிப் பணத்தை அனுப்பினேன்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. இருக்கவும் இருக்காது. விண்டோஸ், ஒரு கேம், எல்லாம் சேர்ந்து 100 ஜிபிதான் ஆகியிருந்தது. ஒன்பதாவது நாள் இரண்டாவது கேமை இறக்கினேன். திறக்கவில்லை. கோப்புகளைச் சரிபார் என்று கொடுத்தால் பழுது என்று சொல்லித் திரும்ப இறக்கும், முடிந்ததும் திரும்பப் பழுது என்னும். மூன்று தடவை. கேமில்தான் கோளாறு என்று விட்டுவிட்டு அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன்: பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த வீட்டுப் படம், வீடியோ எல்லாவற்றையும் இதில் காப்பி செய்துவிட்டு, அந்த ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் அடித்துச் சித்தப்பா பையனிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதில் படங்களாக ஏற்றி நிரப்பிவிட்டான். அக்கா பையன் முதல் தடவை நடந்த வீடியோவுக்குப் பெயர் இருந்தது, தேதி இருந்தது, 340 எம்பி என்று அளவுகூட இருந்தது. திறந்தால் ஒன்றுமில்லை.

இது எப்படி நடக்கிறது என்று இப்போதுதான் புரிந்துகொண்டேன். டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பின் ஃபர்ம்வேரை (அதை இயக்கும் உள் மென்பொருள்) மாற்றி, "நான் 2 டிபி" என்று பொய் சொல்ல வைத்திருக்கிறார்கள். விண்டோஸ் அதை அப்படியே நம்பும். உள்ளே இருப்பதோ 128 ஜிபி சிப். அதுவரை எழுதுவது ஒழுங்காகப் பதியும். அதற்குமேல் எழுதுவதை வாங்கிக்கொண்டதாகத் தலையாட்டிவிட்டுக் குப்பையில் போட்டுவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. இன்னும் சில போலிகள் முதலிலிருந்து மேலெழுதிப் பழையதையும் சேர்த்து அழிக்குமாம். கோப்புப் பட்டியல் நல்ல பகுதியில் இருப்பதால் பெயரும் அளவும் மட்டும் பத்திரமாக இருக்கும். ஃபார்மட் அடித்தால் தெரியாது, வேகச் சோதனை செய்தாலும் தெரியாது, ஏனென்றால் அது 1 ஜிபியை எழுதிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

பிரித்துப் பார்த்தேன், கட்டைவிரல் அளவில் ஒரு போர்டு, அதில் ஒரே ஒரு மெமரி சிப். (நல்ல கம்பெனி சாட்டா டிரைவிலும் பாதிப் பெட்டி காலியாகத்தான் இருக்கும். போர்டு சின்னதாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள்.)

எஸ்எம்பிஎஸ் கதை சின்னது. மேலே பெரிய எழுத்தில் 600 வாட். கேம் ஓடும்போது திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருந்த அட்டவணையைப் படித்தேன்: +12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். கார்டும் பிராசசரும் முக்கியமாக இதிலிருந்துதான் இழுக்கும். பெருக்கினால் 216 வாட். கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் 185 வாட், பிராசசர் 65. கூட்டிக்கொள்ளுங்கள். இதை யாரும் மறைக்கவே இல்லை, என் கண்ணெதிரில் ஒட்டியிருந்தது.

அவரிடம் கேட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். முதல் மெசேஜுக்குப் பதில்: "ஒருதரம் ஃபார்மட் பண்ணிப் பாரு தம்பி." பண்ணினேன், விண்டோஸையும் மறுபடி போட்டேன். இரண்டாவதுக்கு: "கிராக் கேம் ஏதாவது போட்டியா ப்ரோ, வைரஸா இருக்கும்." நான் கிராக் கேம் போடுவதில்லை. மூன்றாவதுக்கு ஒரு நாள் கழித்து: "சாட்டா கேபிளை மாத்திப் பாருங்க." கேபிள் மாற்றினேன். முழு டிரைவையும் எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனையின் முடிவை அனுப்பியபோது நாலாவது பதில் வந்தது: "சார், பொருள் கைவிட்டுப் போன பிறகு நாங்க பொறுப்பில்லை. வாரண்டி கம்பெனியிடம் கேளுங்கள் சார்." தம்பி ப்ரோவாகி, ப்ரோ சார் ஆனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கம்பெனியிடம் கேட்பது? பெட்டியில் முகவரியும் இல்லை, இணையதளமும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னை பிளாக் செய்துவிட்டார்.

தளத்தில் புகார் கொடுத்தேன். திருப்பி அனுப்ப 7 நாள்தான், எனக்குக் கோளாறு தெரிந்ததே ஒன்பதாவது நாள். மேல்முறையீடு என்று ஒரு பட்டன் இருந்தது, அதையும் அழுத்தினேன். நாலு நாள் கழித்து வந்த பதில்: விளம்பரப் படத்தில் 1.81 டிபி என்று தெரிகிறது, நீங்கள் அனுப்பிய படத்திலும் 1.81 டிபி என்றே தெரிகிறது, ஆகவே பொருள் விவரிப்புக்குப் பொருந்துகிறது, புகார் முடித்துவைக்கப்பட்டது. நாலு மாதச் சேமிப்பு, ஒரு வரியில் முடித்துவைத்தார்கள். அந்த எண்ணே பொய் என்பதுதானே என் புகார்! அதைப் படிக்கிற ஆள் அங்கே ஒருவர்கூட இல்லையா?

எந்தப் பாகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது மட்டும்:

எஸ்எஸ்டி வந்த அன்றைக்கே, எதையும் ஏற்றுவதற்கு முன்னால், எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற சோதனை சாஃப்ட்வேரைப் போட்டு முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படிக்க வையுங்கள். லினக்ஸ் என்றால் எஃப்3. இரண்டும் இலவசம். 2 டிபிக்குச் சில மணி நேரம் ஆகும், ஆகட்டும். திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் செய்யுங்கள். பெயர் தெரிந்த கம்பெனியின் 500 ஜிபி, பெயர் தெரியாத 2 டிபியைவிட மேல். எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் வரியைப் பாருங்கள். எம்.2 வடிவில் (மதர்போர்டில் நேராகச் செருகும் சின்னப் பட்டை) இருப்பதெல்லாம் என்விஎம்இ இல்லை, சாட்டாவும் அதே வடிவில் வரும், உங்கள் போர்டு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதத்துக்காவது அழிக்காதீர்கள். ராம் பற்றியும் சொல்ல இருந்தது, 8+8 என்று பேசிவிட்டு ஒரே 16 அனுப்பியிருக்கிறார், அது இன்னொரு நாள்.

இதை எழுதுவதற்கு முன் வேறொரு கணக்கிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தேன். விளம்பரம் இன்னும் இருக்கிறது. அதே 1.81 டிபி படம். கீழே யாரோ ஒருவர், "அண்ணா, இன்னும் ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கு தம்பி" என்று பதில் போட்டிருக்கிறார்.