கரண்டியில் நிற்கிற கஞ்சி

ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். மகனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். பகலில் அத்தைதான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். ஆறு மாதத்தில் 6.9 கிலோ இருந்தவன், ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது 7 கிலோதான் இருந்தான். மூன்று மாதத்தில் வெறும் நூறு கிராம். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த யோசனைகளுக்குக் கணக்கே இல்லை. கைப்பேசியில் ஒரு காணொளி, முட்டையை ஒரு வயதுக்குப் பிறகே தொட வேண்டும் என்றது. அடுத்த காணொளி உடனே மஞ்சள் கருவைக் கொடு என்றது. மருந்துக் கடையில் ஒரு சத்துப் பவுடர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. சொன்னவர்களில் ஒருவர்கூட அவன் இப்போது என்ன சாப்பிடுகிறான் என்று கேட்கவில்லை.

அதை முதலில் கேட்டவர் எங்கள் தெருக்கோடிக் குழந்தைகள் மையத்தின் டீச்சர். அங்கன்வாடி என்றால் சத்துமாவு வாங்கும் இடம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் முதலில் எடை பார்த்தார். பிறகு மேல்கையில் வண்ண நாடாவைச் சுற்றினார். 12.8 சென்டிமீட்டர். 12.5-க்கு மேல் இருப்பதால் பச்சைதான், பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் தாய் சேய் பாதுகாப்பு அட்டையின் வளர்ச்சி வரைபடத்தில் எடையைக் குறித்தபோது, புள்ளி எடைக் குறைவைக் காட்டும் மஞ்சள் பட்டைக்குள் விழுந்தது. ஒன்பது மாத ஆண் குழந்தைக்குப் பச்சையும் மஞ்சளும் பிரிகிற கோடு 7.1 கிலோவில் இருக்கிறது. நோய் ஏதும் இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னார்: "நாளைக்கு உங்கள் அத்தையையும் அழைத்து வாருங்கள். அவனுக்கு ஊட்டுகிற கிண்ணத்தையும் எடுத்து வாருங்கள்."

மறுநாள் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தார். 100 மில்லிகூடப் பிடிக்கவில்லை. ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை, 250 மில்லி கிண்ணத்தில் பாதியளவு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பிட வேண்டும். இடையில் ஒன்றிரண்டு தடவை பழமோ வேறு ஏதாவதோ கொடுக்க வேண்டும். அத்தை கொடுத்துக்கொண்டிருந்தது அரிசிக் கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும். வயிறு நிறையும், எடை ஏறாது. டீச்சர் அத்தையைக் குறை சொல்லவே இல்லை. "மேலே நிற்கிற தண்ணீரை நீங்கள் குடியுங்கள் அம்மா. அடியில் தங்குகிற பருப்பை மசித்துப் பேரனுக்குக் கொடுங்கள்" என்றார். கேழ்வரகுக் கூழைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துக் காட்டினார். வழிந்து ஓடினால் நீர்த்திருக்கிறது, கரண்டியிலேயே நின்றால் சரியான பதம். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ, மசித்த முருங்கைக்கீரை. நன்றாக வேகவைத்த முட்டையை இந்த வயதிலேயே கொடுக்கலாம். தாய்ப்பால் இரண்டு வயது வரையும், அதற்கு மேலும் தொடரலாம். அத்தை நாக்கில் தடவிக்கொண்டிருந்த தேனை மட்டும் அன்றே நிறுத்தச் சொன்னார். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம்.

அத்தை ஒரு கேள்வி கேட்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இளைத்த உடம்புதான், யாரோ வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போட்ட கோட்டோடு இவனை ஏன் ஒப்பிட வேண்டும்? நியாயமான கேள்வி. பிறகு நானே தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அந்த அளவுகளுக்காக ஆறு நாடுகளின் குழந்தைகளை அளந்திருக்கிறார்கள். அமெரிக்கா, நார்வே, ஓமன், கானா, பிரேசிலோடு நம் தில்லியும் அதில் உண்டு. தாய்ப்பாலும் நல்ல உணவும் கிடைத்தால், இந்த வயதில் எங்கே பிறந்த குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில் முட்டையை அவரே வேகவைத்தார்.

பத்தாம் மாதம் 7.4. பதினொன்றில் 7.7. முதல் பிறந்தநாளன்று 8.1 கிலோ. புள்ளி பச்சைக்கு வந்துவிட்டது.

குறையும் உண்டு. மையம் பகலில்தான் திறந்திருக்கும். என்னைப் போல் வேலைக்குப் போகிறவர் எடை பார்க்க வேண்டுமானால் அரை நாள் கூலியை விட வேண்டும். மாதத்தில் ஒரு மாலையாவது இதற்கு ஒதுக்கினால் எத்தனையோ தாய்மார்கள் வருவார்கள். சத்துமாவில் கோதுமை, கேழ்வரகு, கடலையோடு வெல்லமும் சேர்ந்தே வருகிறது. சின்ன நாக்கு இனிப்புக்குப் பழகிவிடுமே என்ற கவலை எனக்கு இருக்கிறது. அதனால் தினம் ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டு, மற்ற வேளைகளில் வீட்டுச் சாப்பாடே கொடுக்கிறேன்.

இன்னொரு செய்தி எனக்குப் புதிது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான, தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கிற பால் பவுடர்களையும் உணவுகளையும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் 2003-இல் வந்த அதன் திருத்தமும் தடுக்கின்றன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைத் தேடிப் படித்தேன். அதுவும் ஆறு மாதம் முடிந்தவுடன் வீட்டு உணவைத் தொடங்கச் சொல்கிறது. அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதாம். படித்தபோது அத்தனை பெருமையாக இருந்தது.

இவ்வளவுக்கும் மையத்தில் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. உங்கள் தெருவிலும் ஒரு மையம் இருக்கும். போகும்போது குழந்தைக்கு ஊட்டுகிற கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஊட்டுகிறவர் யாரோ, அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.